பூச்சிக்குப் பெயர் வைக்க யார் பணம் தருவது?

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் என்னென்ன விலங்குகள் இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்று முறையாகப் போய்ப் பார்த்து எழுதிய முதல் கணக்கெடுப்புக்கு அரசாங்கம் பணம் தரவில்லை. ஜார்ஜ் மெலெண்டஸ் ரைட் என்ற இளைஞர் தந்தார். யோசெமிட்டி பூங்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். குடும்பச் சொத்து கையில் இருந்தது. செலவைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி 1929இல் தேசியப் பூங்காத் துறைத் தலைமையின் சம்மதத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 25. ஜோசஃப் டிக்ஸன், பென் தாம்சன் இருவரையும் சேர்த்துக்கொண்டு பூங்கா பூங்காவாகச் சுற்றினார். 1933இல் அந்தக் கணக்கெடுப்பு அறிக்கையாக வந்தது. குப்பைமேட்டில் கரடிகளைக் கூட்டி வேடிக்கை காட்டுவதும், ஓநாய் போன்ற ஊனுண்ணிகளைச் சுட்டுத் தள்ளுவதும் சாதாரண நிர்வாக வேலையாக இருந்த காலத்தில், இவை தவறு என்று துறைக்குள்ளிருந்தே ஆதாரத்தோடு சொன்ன ஆவணம் அது. செலவையும் அரசு மெல்லமெல்ல எடுத்துக்கொண்டது. 1936இல் ரைட் கார் விபத்தில் இறந்தார். அவர் கட்டிய வனவிலங்குப் பிரிவு சில ஆண்டுகளிலேயே ஆளில்லாமல் சுருங்கிப்போனது.

அதே 1936இல் நம் பக்கத்தில் வேறொரு வேலை முடிந்தது. ஜே. எஸ். கேம்பிள் தொடங்கிய மதராஸ் மாகாணத் தாவர நூலின் கடைசிப் பகுதி அந்த ஆண்டில் வெளியானது. முதல் பகுதி வந்தது 1915இல். கேம்பிள் 1925இல் காலமாகிவிட்டார்; மீதியை சி. இ. சி. ஃபிஷர் முடித்தார். அரசு ஏற்பாட்டில் நடந்த பணி என்பதால் ஆள் போனபின்னும் அது நிற்கவில்லை. காலனி அரசுக்குச் செடிகொடிமேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கேம்பிள் வனத்துறை அதிகாரி. மரமும் வருவாயும் அந்தக் கணக்கில் உண்டு. ஆனாலும் பட்டியல் முழுமையாகக் கிடைத்தது. தமிழ்நாட்டுத் தாவரவியலார் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

ஒரு தேசியப் பூங்காவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் செலவை யார் ஏற்பது, எத்தனை காலத்துக்கு ஏற்பது? பாலூட்டிகள், பறவைகள், பூக்கும் தாவரங்கள் இவற்றுக்கு ஓரளவு பட்டியல் எங்கும் இருக்கும். ஈ, குளவி, மண்ணில் வாழும் உண்ணி, பூஞ்சை, பாசி, லைக்கன் என்று வந்தால் உலகின் பெரும்பாலான பூங்காக்களில் பதிவேடு வெறுமைதான். அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டம் பூங்கா நிர்வாகம் அறிவியலை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றது. மறு ஆண்டே பெரிய நிதித் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டு, 270க்கும் மேற்பட்ட பூங்காக்களில் கணக்கெடுப்பு தொடங்கியது. பூங்காத் துறை அறிவியலை எப்படி அலட்சியம் செய்தது என்று துறையின் வரலாற்றாசிரியரான ரிச்சர்ட் வெஸ்ட் செல்லர்ஸ் 1997இல் எழுதிய நூல் அதற்கு ஒரு தூண்டுகோல். அதிலும் உயிரினப் பட்டியலுக்கான இலக்கு முதுகெலும்புள்ள விலங்குகளும் குழாய்த் தாவரங்களும் மட்டுமே. முடிக்கக்கூடிய வேலைக்கே அரசு பணம் ஒதுக்கும். அதில் பெரிய தவறும் இல்லை. ஆனால் காட்டில் வாழும் இனங்களில் பெரும்பான்மை அந்த வரம்புக்கு வெளியேதான் இருக்கிறது.

வரம்பே இல்லாமல் எல்லாவற்றையும் எண்ணிவிடலாம் என்று முதலில் துணிந்தவர் டேனியல் ஜான்சன். கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே வறண்ட காடுகளில் வாழ்நாளைக் கழித்த அமெரிக்கச் சூழலியலாளர். பாக்டீரியா முதல் ஜாகுவார் வரை ஒரே நிலப்பரப்பில் உள்ள எல்லா உயிரினங்களையும் சில ஆண்டுகளில் பட்டியலிடுவது அவர் திட்டம். 1993இல் இதற்காக வல்லுநர்கள் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். கோடிக்கணக்கான டாலர் தேவைப்படும் கணக்கு. ஆனால் 1990களின் பிற்பகுதிக்குள் அது கைவிடப்பட்டது. பணத்தை ஒரே காட்டில் கொட்டுவதைவிட நாடு முழுவதற்கும் பரப்புவதே நல்லது என்று கோஸ்டாரிகாவின் பல்லுயிர் ஆய்வு நிறுவனமான இன்பியோ கருதியது. ஏழைநாட்டு நிறுவனம் ஒன்று அப்படி நினைத்ததில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. பெரும்பணம் ஒன்றாக வரும்போது அதன்மேல் உரிமை கொண்டாடும் கைகளும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

ஜான்சனின் கனவை வேறு அளவில் எடுத்துச் செய்தது கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. டென்னசி, வட கரோலினா மாநில எல்லையில் சுமார் 2,100 சதுர கிலோமீட்டர் பரப்பு. அடிவாரம் 900 அடிக்கும் கீழே. உச்சியான குவோஹி 6,643 அடி. பனியுகத்தில் பனிப்பாளங்கள் இவ்வளவு தெற்கே வந்ததில்லை. வடக்கிலிருந்து ஒதுங்கிவந்த உயிர்களும் உள்ளூர் உயிர்களும் மலையின் வெவ்வேறு உயரங்களில் தங்கிவிட்டன. 30 வகைச் சாலமண்டர்கள் இருக்கின்றன. 1934இல் பூங்காவான இந்த நிலமே நன்கொடையில் வாங்கப்பட்டது; ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் வழியாக மட்டும் 50 லட்சம் டாலர் வந்தது. அமெரிக்காவில் மிக அதிகமானோர் வரும் தேசியப் பூங்கா இது, ஆண்டுக்கு ஒரு கோடி வருகைகளுக்கு மேல். இருந்தும் நுழைவுக் கட்டணம் கிடையாது. மலையைக் கடக்கும் நெடுஞ்சாலையை மத்திய அரசுக்குக் கொடுத்தபோது, அதில் ஒருநாளும் சுங்கம் வாங்கக் கூடாது என்று டென்னசி நிபந்தனை போட்டிருந்தது. கூட்டம் நிறைய, கல்லாப்பெட்டி சிறியது.

1998இல் இந்தப் பூங்காவின் முழு உயிரினக் கணக்கெடுப்பு தொடங்கியது. அதை நடத்த காட்லின்பர்க் ஊரில் ‘டிஸ்கவர் லைஃப் இன் அமெரிக்கா’ என்ற சிறு தொண்டு நிறுவனம் உருவானது. பணம் வந்த வழிகளைப் பார்த்தால் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. பூங்கா நண்பர்கள் சங்கம் ஒன்று நன்கொடை திரட்டும். அதன் வருவாயில் ஒரு பங்கு, கரடிப் படம் போட்ட கார் எண்பலகைக்கு மக்கள் கூடுதலாகக் கட்டும் தொகை. பூங்காப் புத்தகக்கடைகளை நடத்தும் சங்கம் தன் லாபத்தில் ஒரு பகுதியைத் தரும். இப்படிச் சேர்ந்ததிலிருந்து வல்லுநர்களுக்குச் சில ஆயிரம் டாலர் அளவில் சிறு நல்கைகள் போயின. பெட்ரோல் செலவு, ஒரு மாணவரின் கோடைக்காலச் சம்பளம், எத்தனால், குப்பிகள் ஆகியவற்றுக்கே அது சரியாக இருக்கும். தங்க இடத்தைப் பூங்கா கொடுத்தது. பொறிகளை மாற்றும் வேலையைத் தன்னார்வலர்கள் செய்தார்கள்.

இவ்வளவு சொற்பத் தொகைக்கு ஒரு பேராசிரியர் ஏன் வர வேண்டும்? வகைப்பாட்டியலரைத் தெரிந்தவர்களுக்கு விடை தெரியும். அவருக்கு எப்படியும் காட்டுக்குப் போக வேண்டும். அனுமதியும் தங்க இடமும், உதவிக்கு நாலு பேரும் இருந்தால் சொந்தக் காசைப் போட்டுக்கூட வருவார். ஒரு சின்ன நல்கை கிடைத்தால் பல்கலைக்கழகத்தில் காட்ட ஒரு காகிதமும் ஆயிற்று. அவருடைய மாதச் சம்பளத்தையும் நுண்ணோக்கியையும் நூலகத்தையும் வேறொருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். ஸ்மோக்கியின் கணக்கு மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

விளைவு சிறியதல்ல. தொடங்கியபோது பூங்காவில் தெரிந்திருந்தவை சுமார் 9,300 இனங்கள். இப்போது 22,000ஐ ஒட்டி நிற்கிறது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அறிவியலுக்கே புதியவை. நீர்க்கரடிகள் என்னும் நுண்விலங்குகளில் முன்பு மூன்றே இனங்கள் பதிவாகியிருந்தன. பால் பார்ட்டெல்ஸ், டயான் நெல்சன் குழுவினர் பாசியையும் மண்ணையும் அலசியபின் எண்ணிக்கை 70ஐத் தாண்டியது. ஹெரால்டு கெல்லர் என்பவர் மாணவர்களுக்குக் கயிற்றில் ஏறக் கற்றுக்கொடுத்து, உயர்ந்த மரங்களின் பட்டையிலிருந்து சளிப்பூஞ்சைகளைச் சேகரிக்கவைத்தார். தரையிலேயே தேடிக்கொண்டிருந்த துறை அது. மரத்தில் மட்டும் வாழ்வதாகத் தெரிந்த புதிய இனம் ஒன்று 2004இல் விவரிக்கப்பட்டது. ஜேம்ஸ் லெண்டமரும் எரின் டிரிப்பும் ஆண்டுக்கணக்கில் அலைந்து 2020இல் வெளியிட்ட லைக்கன் கையேட்டில் 900க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு பூங்காவுக்கு அத்தனை லைக்கன்!

இந்த எண்களை வைத்து விழா எடுப்பதற்குமுன் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பூங்காவில் ஒரு லட்சம் இனங்கள் இருக்கலாம் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். பிறகு அதை 60,000 முதல் 80,000 வரை என்று குறைத்தார்கள். குறைந்த மதிப்பீட்டை எடுத்தாலும், கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறோம். மிச்சம் ஏன் இருக்கிறது என்பதில்தான் நிதியின் இயல்பு வெளிப்படுகிறது. நீர்க்கரடிக்கு ஆர்வலர் இருவர் இருந்தார்கள், பட்டியல் நிறைந்தது. லைக்கனுக்கு இருவர் இருந்தார்கள், அதுவும் நிறைந்தது. ஆள் இல்லாத குழுக்களுக்கு விண்ணப்பமே வராது. விண்ணப்பம் வராத இடத்துக்கு நல்கை போகாது. சிறு நல்கை முறையில் வளர்ந்த பட்டியல், ஆகவே, காட்டைக் காட்டும் அளவுக்கு அந்த நாட்டில் மிச்சமிருக்கும் வல்லுநர்களின் கூட்டத்தையும் காட்டுகிறது.

கள ஆய்வுக்கு நிதி என்றவுடன் நம் மனத்தில் வருவது காடு, கூடாரம், வலை, சேற்றுக் காலணி. நன்கொடையாளருக்கும் அந்தப் படம்தான் பிடிக்கும். உண்மைச் செலவு எங்கே விழுகிறது என்பதை ஸ்வீடன் காட்டியது. தேசிய உயிரினங்களை முழுதாக அறிய அந்நாட்டு அரசு 2002இல் தொடங்கிய முயற்சியின் பணத்தில், 2003 முதல் 2006 வரை நாடெங்கும் 55 இடங்களில் 73 மலேஸ் பொறிகளை வைத்தார்கள். கூடாரம் போன்ற துணிப்பொறி அது. அதைக் கண்டுபிடித்த ரெனே மலேஸ் ஸ்வீடன்காரர். 1930களில் பர்மா பயணத்தில் சோதித்துப் பார்த்து 1937இல் விவரம் வெளியிட்டார். பறக்கும் பூச்சி துணியில் முட்டி, மேலே ஏறி, எத்தனால் குப்பியில் விழும். மூன்று ஆண்டில் விழுந்தவை சுமார் இரண்டு கோடிப் பூச்சிகள். அவற்றைப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் கையால் 300க்கு மேற்பட்ட பிரிவுகளாகப் பிரிக்கப் பதினைந்து ஆண்டு ஆனது. அதுவும் இனம் காண்பதல்ல; அந்தந்தக் குழுவின் வல்லுநரிடம் அனுப்பும் அளவுக்குப் பிரிப்பது மட்டும்.

மொத்தச் செலவு மூன்று கோடி குரோனருக்குள், ஏறக்குறைய 31 லட்சம் டாலர். வகுத்தால் ஒரு பூச்சிக்கு 15 சென்ட். சேர்ந்தவற்றில் நான்கில் மூன்று பங்கு ஈ வகைகள், அவற்றிலும் கொசுபோல் இருந்து கடிக்காத கைரனோமிட் ஈக்களே மிகுதி. வண்ணத்துப்பூச்சிப் படம் போட்டு நிதி திரட்டும் உலகத்தில் இந்த ஈக்களுக்காக யார் உண்டியல் குலுக்குவார்? ஸ்வீடனில் குலுக்க வேண்டியிருக்கவில்லை, நாடாளுமன்றம் ஒதுக்கியது. பிரிக்கும் உதவியாளருக்கு ஆண்டுதோறும் சம்பளம் போனது. நான் பார்த்த எடுத்துக்காட்டுகளில் நிதியின் நீளமும் வேலையின் நீளமும் ஓரளவேனும் பொருந்தியது அங்கேதான்.

பிரித்த பிறகும் செலவு ஓயாது. எத்தனால் ஆவியாகும், குப்பியை ஆண்டுதோறும் பார்த்து நிரப்ப வேண்டும். ஊசியில் குத்திய பூச்சிக்கு இடம், தேதி, சேகரித்தவர் எழுதிய சீட்டு வேண்டும். சீட்டு இல்லாத பூச்சி வெறும் தூசி. அமெரிக்கப் பூங்காவில் எடுத்துப் பாதுகாக்கப்படும் மாதிரி, எந்த அருங்காட்சியகத்தில் இருந்தாலும் மத்திய அரசின் உடைமை. அதற்குப் பதிவெண் தர ஒருவர் உட்கார வேண்டும். நல்கை விண்ணப்பங்களில் இந்த வரிகள் கடைசிப் பக்கத்தில், அதுவும் சிலவற்றில்தான் இருக்கும். வெட்ட வேண்டியிருந்தால் முதலில் வெட்டப்படுவதும் அவைதான்.

பெயர் சொல்லும் ஆட்கள் குறைந்துவருவது தனிக்கதை. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1995இல், ஆள் அருகிவிட்ட உயிரினக் குழுக்களில் மாணவர்களைப் பயிற்றுவிக்கவென்றே ஒரு நிதித் திட்டம் தொடங்கியது. நல்ல மாணவர்கள் உருவானார்கள். வேலைதான் உருவாகவில்லை, பல்கலைக்கழகங்கள் அந்த இடங்களை வேறு துறைகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தன. திட்டமும் பின்னால் நின்றது. இந்தியாவில் 1999இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வகைப்பாட்டியலுக்கென அனைத்திந்திய ஒருங்கிணைப்புத் திட்டம் தொடங்கியது. நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் மூன்றாண்டு, ஐந்தாண்டுத் திட்டத்தில் சேரும் ஆய்வாளர் ஒரு குளவிக் குடும்பத்தைக் கண்ணால் பிரித்தறியப் பழகும் நேரத்துக்குள் திட்டக்காலம் முடிந்து, அவர் ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறார்.

அரசு விட்ட இடத்துக்கு மற்றவர்கள் வரும்போது அவரவர் விருப்பமும் கூடவே வரும். இன்பியோவுக்கு 1991இல் மெர்க் மருந்து நிறுவனம் பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்தது. மருந்தாகக்கூடிய வேதிப்பொருள் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. பட்டியலுக்குப் பட்டியலே பணம் சம்பாதித்துத் தரும் என்று உலகமே அப்போது நம்பியது. பெரிய மருந்து எதுவும் வரவில்லை. பணநெருக்கடியில் சிக்கிய இன்பியோ 2015இல் தன் லட்சக்கணக்கான மாதிரிகளைக் கோஸ்டாரிகா தேசிய அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தது. ஆஸ்திரேலியாவில் 2010இல் தொடங்கிய ‘புஷ் பிளிட்ஸ்’ திட்டத்தில் அரசோடு பிஎச்பி சுரங்க நிறுவனமும் சேர்ந்து செலவழிக்கிறது. பூமியைத் தோண்டும் நிறுவனம் பூச்சி எண்ணக் காசு கொடுப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் சுளித்தேன். ஆனால் அந்தத் திட்டம் களப்பயணத்தோடு நின்றுவிடாமல், கொண்டுவந்த மாதிரிகளை விவரித்துப் பெயரிடத் தனியாக நல்கை தருகிறது. நிதி எங்கிருந்து வருகிறது என்பதைப் போலவே எதற்குப் பிரிக்கப்படுகிறது என்பதையும் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஸ்மோக்கியிலும் 2023 மார்ச் முதல் வண்டி நிறுத்தக் கட்டணம் வந்துவிட்டது. நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 40. சாலைக்குச் சுங்கம் கூடாதே தவிர நிறுத்துவதற்குத் தடை இல்லை என்ற சாமர்த்தியம். அந்தப் பணம் பாதை, கழிப்பறை, குப்பை, காவலர் என்றே பெரும்பாலும் போகும். போகட்டும், அவையும் வேண்டியவைதான். கட்டணம் கொடுத்தவர் கண்ணில் படும் இடத்தில் செலவழிக்கத்தான் நிர்வாகம் விரும்பும். குப்பியில் கிடக்கும் ஈ எவர் கண்ணிலும் படாது.

மரபணுக் குறியீடு வந்துவிட்டதே, இனி வல்லுநர் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த முறை: ஒரு குறிப்பிட்ட மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்து இனத்தைப் பிரிப்பது. மறு ஆண்டே ஜான்சனோடு சேர்ந்து, குவானகாஸ்தேயில் ஒரே இனம் என்று நம்பப்பட்ட வண்ணத்துப்பூச்சியைப் பத்து இனங்கள் என்று காட்டினார்கள். அதற்கு மரபணு மட்டும் போதவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது என்று உள்ளூர் ஆண்களும் பெண்களும் வருடக்கணக்கில் புழு வளர்த்து எழுதிவைத்த குறிப்புகள் பக்கத்தில் இருந்தன. பள்ளிப்படிப்போடு நின்றவர்களுக்குப் பயிற்சி தந்து நிரந்தர வேலை கொடுத்த ஏற்பாடு அது. கோஸ்டாரிகா உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய நிதிப் பாடம் என்று இதைத்தான் சொல்வேன். மரபணு இயந்திரம் எண் கொடுக்கும். அந்த எண்ணை ஒரு பெயரோடும் ஒரு வாழ்க்கையோடும் முடிச்சுப்போட ஆள் வேண்டும். கைப்பேசியில் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றும் பொதுமக்களின் உதவியும் அப்படியே: ஸ்மோக்கியின் தொண்டு நிறுவனம் தேடப்படும் இனங்களின் பட்டியலையே சுற்றுலாப் பயணிகளிடம் கொடுத்துப் பயன் கண்டிருக்கிறது. ஆனால் படத்தில் இனம் தெரியாத உயிரே உலகில் அதிகம்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இந்தக் கேள்வியை நிதி அதிகாரி கேட்டால் கோபப்படக் கூடாது, விடை இருக்கிறது. 2002இல் ஸ்மோக்கியின் ஹெம்லாக் மரங்களில் ஆசியாவிலிருந்து வந்த வெண்பஞ்சுப் பேன் காணப்பட்டது. மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பேனைத் தின்னும் வண்டுகளை வளர்த்து ஆயிரக்கணக்கில் விட்டார்கள். அவற்றில் ஒன்று மேற்குக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த வண்டு. அதன் நெருங்கிய உறவான வண்டு ஒன்று கிழக்கே ஏற்கெனவே வாழ்ந்துவந்தது. இரண்டும் கலந்து கலப்பினம் உண்டாவது பின்னர் தெரியவந்தது. உள்ளூரில் என்ன வண்டு இருந்தது என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் இந்தக் கலப்பைக் கண்டுகொள்ளவே முடிந்தது. 2016 நவம்பரில் பூங்காவில் தொடங்கிய தீ காட்லின்பர்க் பக்கம் இறங்கி 14 பேரைக் கொன்றது. எரிந்த சரிவில் எது திரும்பிவருகிறது, எது வரவில்லை என்று சொல்ல எரிவதற்குமுன் எடுத்த பட்டியல் வேண்டும். எரிந்தபின் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதை எடுக்க முடியாது.

பயனை முன்கூட்டியே சொல்ல முடியாத வகையும் உண்டு. ஸ்மோக்கியின் எல்க்மாண்ட் பகுதியில் கோடை விடுதி வைத்திருந்த குடும்பங்கள், மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைத் தலைமுறைகளாகப் பார்த்துவந்தன. தென்கிழக்கு ஆசியாவில்தான் அப்படி நடக்கும், அமெரிக்காவில் இல்லை என்று அறிவியல் எழுதிக்கொண்டிருந்தது. அதைப் படித்த லின் ஃபாஸ்ட் என்ற உள்ளூர்ப் பெண்மணி 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதிய பிறகே வந்து பார்த்தார்கள். அந்த மின்மினிக்குப் பெயர் எப்போதோ வைத்தாயிற்று. நடத்தைதான் ஏட்டில் ஏறவில்லை. இன்று அதைப் பார்க்கக் குலுக்கல் முறையில் அனுமதிச்சீட்டு கொடுக்கிறார்கள்.

பட்டியல் இல்லாமலே முடிவெடுக்க நேர்வதற்கு நம் அருகே பாலக்காட்டு மலையில் அமைதிப் பள்ளத்தாக்கு நேர் உதாரணம். குந்திப்புழையில் நீர்மின் அணை கட்டலாமா என்ற விவாதத்தில் சிங்கவால் குரங்குதான் முகமாக நின்றது. ஆனால் அந்த மழைக்காட்டில் என்ன இருக்கிறது என்ற முழுக் கணக்கு யாரிடமும் இல்லாமலே பல ஆண்டு வாதம் நடந்தது. அணை கைவிடப்பட்டு, பள்ளத்தாக்கு 1984இல் தேசியப் பூங்காவானது; கே. எஸ். மணிலாலின் அமைதிப் பள்ளத்தாக்குத் தாவர நூல் வெளிவந்தது 1988இல். சண்டை வந்ததால் ஆய்வுக்குப் பணம் வந்தது. சண்டை வராத காடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

தமிழ்நாடு அரசு வரையாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுக்கு 25.14 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாநில விலங்கு, கணக்கெடுப்பும் அதில் சேர்த்தி, செலவு தகும். அந்த ஆடு மேயும் புல்வெளியில் வாழும் ஈக்களுக்கும் சிலந்திகளுக்கும் பூஞ்சைகளுக்கும் அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 25 லட்சம், கிடைத்தால் என்ன செய்யலாம் என்று யோசித்துப் பார்த்தேன். வரையாடு வாழும் நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர்தான். ஸ்மோக்கியின் இருபத்தேழில் ஒரு பங்கு. களத்துக்கு முதல் ஆண்டு போதும்: சோலைக்குள்ளும் புல்வெளியிலும் சில மலேஸ் பொறிகள், குழிப்பொறிகள், வாரம் ஒருமுறை குப்பி மாற்றப் பக்கத்து ஊர்க்காரர் இருவர். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் அதன் பழைய உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. சென்னையில் விலங்கியல் ஆய்வகத்தின் மையம் இருக்கிறது. சட்டப்படி வேண்டிய அனுமதிகளை நிதி கொடுக்கும் அரசே முன்னின்று வாங்கித் தர வேண்டும். இல்லையென்றால் முதல் ஆண்டு கடிதப் போக்குவரத்திலேயே கழியும்.

பணத்தில் கால் பங்குக்குமேல் காட்டுக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. மீதியில் பெரும்பகுதி பிரிப்பவர் சம்பளத்துக்கு. அடுத்தது, இங்கே ஆளில்லாத குழுக்களுக்கு வெளிமாநில, வெளிநாட்டு வல்லுநரை மாதக்கணக்கில் வரவழைத்து உட்காரவைத்து, பக்கத்தில் நம் மாணவர் ஒருவரையும் உட்காரவைப்பதற்கு. கடைசியாகக் குப்பியும் எத்தனாலும் அலமாரியும். எல்லா இனங்களையும் எண்ணிவிடப் போவதில்லை. புதிய இனம் கிடைக்கும் வேகம் எந்தக் குழுவில் தளர்கிறதோ அங்கே நிறுத்திக்கொண்டு அடுத்த குழுவுக்குப் பணத்தை மாற்றலாம். 25 லட்சத்தில் பிரிப்பவர் இருவருக்கு ஐந்தாண்டுச் சம்பளம் கொடுக்கவே இழுபறியாகும். ஆகவே தொகையைக் கூட்ட வேண்டும், அல்லது அந்த இரண்டு வேலைகளை மட்டுமாவது திட்டக் கணக்கிலிருந்து எடுத்து வனத்துறையின் நிரந்தரப் பணியிடங்களாக்க வேண்டும். இரண்டில் எதை முதலில் கேட்பது என்றால் பணியிடத்தைத்தான் கேட்பேன்.